கோல்ப் கிளப் விருந்தும் வீட்டிலிருக்கும் பாட்டியும்

நம்மவரிடையே அண்மைக் காலத்தில் ஒரு புதுவழக்கம் வேரூன்றி வருகின்றது. தீபாவளிக்கு மறுநாளோ, ஆங்கில வருடப் பிறப்பன்றோ, பள்ளி விடுமுறையில் வரும் ஏதேனுமொரு ஞாயிற்றுக்கிழமையிலோ குடும்பத்தோடு கோல்ப் கிளப்புக்குச் சென்று பகலுணவு அருந்தி வருவதே அது. கிளப்பில் அங்கத்தினராயுள்ள மைத்துனரோ, சகலரோ, உடன்படித்த டாக்டரோ அழைப்பார். பல கிளப்களில் விருந்தாளியின் கைக்காசு செல்லாது. அங்கத்தினர் ஒரு சீட்டில் கையெழுத்திட வேண்டும், கணக்கு மாத முடிவில் அவர் பேருக்குச் செல்லும். அந்தக் கையெழுத்தைப் பற்றி நம்மவர் ஆறு மாதம் பேசுவர். கண்ணாடிச் சுவருக்கப்பால் விரிந்த பசும்புல் தரையைப் பற்றி மேலும் ஆறு மாதம் பேசுவர். அதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும்.

இவ்வழக்கத்தை அடியோடு கண்டிக்க நாம் முன்வரவில்லை. பண்டிகை என்பது நம் வீடுகளில் ஆண்மக்களுக்கு ஓய்வும் பெண்மக்களுக்கு இரட்டை வேலையுமாகவே நடந்து வந்திருக்கிறது. முதல்நாள் மாலை முறுக்குப் பிழியத் தொடங்கும் தாயானவள் மறுநாள் இரவு கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் வரையில் நிமிர்ந்து நிற்பதில்லை. அவள் ஒரு வேளையாவது நாற்காலியில் அமர்ந்து, பிறர் சமைத்ததை, பிறர் பரிமாற உண்பாளாயின் அதைச் சீர்திருத்தமென்றே நாம் சொல்லுவோம். கோல்ப் ஆட்டத்தின் மீதும் நமக்கு விரோதமில்லை. ராமையா, குணசேகரன் முதலிய தமிழர் இந்நாட்டில் அவ்வாட்டத்தையே தொழிலாகக் கொண்டு பேர் பெற்றிருக்கின்றனர். ஒரு குச்சியால் ஒரு பந்தை அடித்துக் குழியில் தள்ளுவதற்கு எந்த ஜாதியும் எந்த நிறமும் தனியுரிமை பெற்றிருக்கவில்லை.

நமது வழக்கு வேறு. காரில் ஏறியவர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். தந்தை ஏறினார், தாய் ஏறினாள், பிள்ளைகள் மூவர் ஏறினர், தாயின் தங்கை ஒருத்தி கோலாலம்பூரிலிருந்து வந்தவள் ஏறினாள். வாயிற்படியில் ஒருவர் நின்று கையசைக்கின்றாரே, அவர் யார்? அவர்தாம் அத்தந்தையைப் பெற்றவர். முப்பது வருடம் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, நிரை நிரையாக மங்கு துடைத்து, வாளி சுமந்து, ஓய்ந்த நேரத்தில் ஒட்டுப்பால் பொறுக்கி, அக்கூலியில் மகனை டவுனிலுள்ள ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியவர். அம்மகன் இன்று 'குடும்ப விருந்து' என்று பேரிட்டு ஒன்றுக்குப் போகிறான். குடும்பத்தின் வேர் வீட்டில் காவல் இருக்கிறது.

ஏன் அழைத்துச் செல்லவில்லை என்று கேட்டால் விடைக்குப் பஞ்சமில்லை. "அம்மாவுக்குக் கால்வலி" என்பர். அதே கால்வலியோடு அவ்வம்மையார் பத்துமலையின் 272 படிகளையும் ஏறி இறங்குவதை நாம் கண்டிருக்கிறோம். "அவர்களுக்கு அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது" என்பர். அங்கே பரிமாறப்படுவது பெரும்பாலும் சோறும், கோழிக் குழம்பும், பொரித்த மீனும், கீரையுமே. இவற்றில் எது அவருக்கு ஒத்துக்கொள்ளாதென்று தெரியவில்லை. "அவர்களேதான் வரமாட்டேனென்றார்கள்" என்பது மூன்றாவது விடை. இதுவே மிகவும் பொல்லாதது. ஏனெனில் இது உண்மை. வரமாட்டேனென்று அவர் சொல்லத்தான் சொன்னார். அவ்விதம் சொல்லும்படி அவருக்குக் கற்பித்தது யார்? ஆங்கிலம் பேசும் விருந்தாளி வீட்டுக்கு வந்த போதெல்லாம் "அம்மா, நீங்கள் உள்ளே இருங்கள்" என்று சொன்னது யார்? இருபது வருடம் உள்ளே இருக்கப் பழகியவரை இருபத்தோராவது வருடத்தில் "வருகிறீர்களா?" என்று ஒருமுறை, அதுவும் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டால், அவர் வேறென்ன சொல்லுவார்?

சொல்லாத காரணம் யாவருக்கும் தெரியும். பாட்டி ரப்பர்ச் செருப்புப் போட்டுக்கொண்டு வருவார். கையால் பிசைந்து உண்பார். சாப்பாடு முடிந்ததும் மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுப்பார். எல்லாவற்றிற்கும் மேலாக, பிரட்டுக் களத்திற்கு எட்டும் குரலில் பேசுவார். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்கு அஞ்சித்தான் பெற்றவள் வீட்டில் விடப்படுகிறாள்.

அப் பார்வை எங்கிருந்து வந்ததென்று சற்று ஆராய்தல் வேண்டும். சிலாங்கூர் கோல்ப் கிளப் 1893இல் தோன்றியது. இப்பொழுதுள்ள இடத்திற்கு 1921இல் வந்தது. 'ராயல்' என்னும் பட்டம் அதற்கு 1963இல் கிடைத்தது. சிங்கப்பூரில் குதிரைப் பந்தய மைதானத்தில் கோல்ப் கிளப் தொடங்கியது 1891இல். இவையெல்லாம் ஐரோப்பிய அதிகாரிகளும் வியாபாரிகளும் தம்மவரோடு தாம் கூடிக் களிக்க அமைத்துக் கொண்டவை. சிங்கப்பூரில் ஐரோப்பியரல்லாதாரும் சேர்ந்து ஆடுவதற்கென்று ஐலண்டு கிளப் என ஒன்று 1932இல் தனியே திறக்கப்பட்டது என்றால், மற்றதன் கதவு எப்படியிருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. அவ்விரண்டும் ஒன்றாய் இணைந்ததே 1963இல்தான். தோட்டங்களிலோ இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் நெருக்கமாய் இருந்தது. துரைமாருக்கு ஒரு கிளப்; கிராணிமாருக்கு வேறொரு கிளப்; தொழிலாளிக்குக் கள்ளுக்கடை. பெரிய தோட்டங்கள் சிலவற்றில் துரைமாருக்கென ஒன்பது குழி மைதானமும் இருந்தது. அங்கே புல் வெட்டியவரும் பந்துப்பை சுமந்தவரும் நம்மவர் பலர். பை சுமக்கும் பையனுக்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பேர். தமிழில் அச்சொல்லுக்குப் போலீசார் வைத்திருக்கும் பொருளை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தோன்றவில்லை.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தில் தொழிலாளர் கேட்டவை பல: சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, நல்ல வைத்தியம், கள்ளுக்கடைகளை மூடுதல். அவற்றோடு இன்னொன்றையும் கேட்டார்கள். துரைமாருக்கும் ஆசிய உத்தியோகஸ்தருக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை வேண்டுமென்றார்கள். வயிற்றுக்கில்லாதவன் சைக்கிளைப் பற்றி ஏன் கவலைப்பட்டான் என்று அக்காலத்துக் கனவான்கள் நகைத்திருக்கக்கூடும். அவனுக்குத் தெரிந்திருந்தது. பத்துக் காசு கூட்டிக் கொடுத்தாலும், பாதையில் எதிர்ப்படும் ஒவ்வொரு தொப்பிக்கும் இறங்கி நிற்க வேண்டுமாயின் தான் மனிதனாவதில்லையென்பது. அக்கோரிக்கைக்கு விடையாகப் பட்டாளம் வந்தது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இங்கே ஒரு சொல் நம் இனத்தாரையே சுடுவதைக் கவனிக்க வேண்டும். 'ஆசிய உத்தியோகஸ்தர்' என்றது யாரை? கிராணிமாரை. செக்ரோல் எழுதி, பேர் கூப்பிட்டு, அரைநாள் வெட்டிய கூட்டத்தை. அக்கூட்டத்தின் வழிவந்து இன்றும் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் நாம் இதனை மூடி மறைக்க விரும்பவில்லை. வெள்ளைத் துரைக்கு முன் தன் சைக்கிளை விட்டு இறங்கிய கிராணி, அடுத்த திருப்பத்தில் தொழிலாளி தனக்கு இறங்குகிறானாவென்று பார்த்தான். அடிமைத்தனத்தின் இயல்பே அதுதான்; மேலிருந்து வாங்கியதை அப்படியே கீழே கொடுத்துவிடும். இக்காலத்தில் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் நம் நாட்டிலிருந்து புதிதாய் வந்தவருமே. ஆபீஸ் திண்ணையில் அவர்கள் நிற்கும் முறையையும், நம்மவரில் சிலர் அவர்களை விளிக்கும் முறையையும் பார்ப்பவர்க்கு நாம் மேலும் விளக்க வேண்டியதில்லை. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

விருந்துக்கு வருவோம். கிளப்பின் புல்வெளியைப் பார்த்து வாய்பிளக்கும் அன்பர்களுக்கு இரண்டொரு செய்திகள் சொல்ல ஆசைப்படுகிறோம். கோல்ப் பந்து ஒருகாலத்தில் தோலுக்குள் இறகை அடைத்துச் செய்யப்பட்டது. விலை அதிகம், மழையில் நனைந்தால் கெட்டுவிடும். 1848ஆம் ஆண்டளவில் கட்டாப்பெர்ச்சா என்னும் மரப்பாலில் வார்த்த பந்து வந்த பின்னரே சாதாரண ஜனங்களும் அவ்வாட்டத்தை ஆடத் தொடங்கினர். அந்தக் கட்டாப்பெர்ச்சா எங்கிருந்து போயிற்று? மலாயாக் காடுகளிலிருந்தும் இதனையடுத்த தீவுகளிலிருந்தும், சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வழியாக. நம்மவர் ரப்பர்ப் பாலைக் 'கித்தா' என்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே மலாய்ச் சொல். பிறகு 1898இல் அமெரிக்காவில் ஹாஸ்கெல் என்பார் ரப்பர் நூலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்யும் வகையைக் கண்டார். அடித்தால் அது முன்னையதைவிட வெகுதூரம் பறந்தது. அந்த நூற்பந்தின் காலத்தில்தான் மலாயாவின் தோட்டங்கள் உலகத்திற்கே ரப்பர் அளித்தன. இக்காலத்துப் பந்தின் உட்கரு பெரும்பாலும் செயற்கை ரப்பர். ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேல் சீமான்கள் அடித்துப் பறக்கவிட்ட பொருளில் பால்வெட்டுத் தோட்டங்களின் பங்கு இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. பாட்டியின் வர்க்கம் கிளப்புக்குள் நுழைய வெகுநாள் ஆயிற்று. பாட்டி வடித்த பாலின் வர்க்கம் எப்போதோ நுழைந்துவிட்டது.

நிலத்தின் கதையும் அத்தகையதே. பதினெட்டுக் குழி மைதானமொன்றுக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். பட்டணத்தையடுத்து அவ்வளவு பெரிய நிலம் ஒரே துண்டாய் எங்கே கிடைக்கும்? தோட்டத்தில்தான் கிடைக்கும். ஷா ஆலத்தில் இன்று கோல்ப் கிளப்புக்கும் பங்களாக்களுக்கும் பேராயிருக்கும் கிளென்மேரி என்பது முன்னர் ஒரு தோட்டத்தின் பேர். இப்படி மாறிய தோட்டங்கள் அந்த ஒன்றோடு நிற்கவில்லை. லயன்கள் இடிந்தன, கோயில் பெயர்ந்தது, தமிழ்ப் பள்ளி வேறிடம் போயிற்று, மரம் சாய்ந்த இடத்தில் புல் முளைத்தது. அப்புல்லைப் பார்த்துக்கொண்டு உண்ண, அம்மரத்தை வெட்டியவருக்குத் தகுதியில்லையாம்; புல்லைத் தவிர வேறொன்றையும் அறியாத பேரனுக்குத் தகுதியுண்டாம்!

சிலர் கேட்பர்: "விதியென்று ஒன்று இருக்கிறதே, உடை முறை இருக்கிறதே, நாங்கள் என்ன செய்வோம்?" என்று. நல்லது, விதியையே எடுத்துப் படிப்போம். பல கிளப்களில் கழுத்துப்பட்டியில்லாத சட்டையும் ரப்பர்ச் செருப்பும் கூடாதென்று எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டை விதி பெரும்பாலும் ஆடவரைப் பற்றியது. தேசிய உடைகளை ஏற்பதே இந்நாட்டின் பொதுவழக்கம். சேலையுடுத்த மாதை உடைக்காக வாயிலில் நிறுத்தும் கிளப்பை நாம் கேள்விப்பட்டதில்லை. செருப்புக்கு மாற்று வேண்டுமாயின் சந்தையில் ஒரு ஜோடி வாங்க இருபது முப்பது வெள்ளி போதும். கையால் உண்ணக்கூடாதென்று எந்த விதிப்புத்தகத்திலும் நாம் கண்டதில்லை. மலாய்க்காரர் கையால் உண்கிறார். அவர் அதற்காக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே பாட்டியைத் தடுத்த விதி கிளப்பின் சுவரில் எழுதப்பட்டதன்று. அதை எழுதியவன் மகன்.

கிளப்கள் குற்றமற்றவை என்று நாம் சொல்லவில்லை. சென்னையில் 2014ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்கள், வேட்டி கட்டியிருந்த காரணத்தால் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் தடுத்து நிறுத்தப்பட்டார். தமிழ்நாட்டின் தலைநகரில், தமிழனுடைய உடைக்கு! நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. அடுத்த மாதமே சட்டசபையில், வேட்டி கட்டியவரைத் தடுக்கலாகாதென்று சட்டம் நிறைவேறியது. டில்லியில் 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இதனினும் கொடியதொன்று நடந்தது. அங்கத்தினர் ஒருவரின் அழைப்பின் பேரில் கோல்ப் கிளப்புக்குப் பகல் விருந்துண்ணச் சென்ற கூட்டத்தில் மேகாலய மலைநாட்டைச் சேர்ந்த காஸி இனத்துப் பெண்மணி ஒருவரும் இருந்தார். தம் இனத்தாரின் மரபுடையை அணிந்து, மேஜையில் அமர்ந்துவிட்ட அவரை எழுந்து வெளியே போகச் சொன்னார்கள். பணிப்பெண் போலத் தோன்றுகிறாராம்! குழந்தையை ஏந்திவரும் பணிப்பெண் உள்ளே வரலாகாதென்று விதித்த கிளப்கள் நம் நாட்டிலும் இருந்தமை பத்திரிகைகளில் வெளிவந்த செய்தியே.

ஆனால் டில்லிச் செய்தியில் நம்மவர் கவனிக்க வேண்டியது வேறு. அப்பெண்மணியைத் தம் வீட்டில் வேலைக்கு வைத்திருந்த அம்மையார் அவரைத் தம்மோடு ஒரே மேஜைக்கு அழைத்துச் சென்றார். போகச் சொன்ன போது வாய்மூடி இருக்கவில்லை, உலகறியச் சொன்னார், அதனால்தான் அச்செய்தி நமக்கு எட்டியது. சம்பளத்துக்கு வேலை செய்தவரை ஒருவர் அழைத்துச் சென்றிருக்கிறார். நம்மவரோ பெற்றவளை அழைத்துச் செல்லவில்லை. டில்லிக் கிளப்புக்கு ஒரு பெண்ணை வெளியேற்றச் சிப்பந்தி வேண்டியிருந்தது, மானேஜர் வேண்டியிருந்தது, ஊரார் ஏச்சையும் வாங்க வேண்டியிருந்தது. நம் ஊர்க் கிளப்புக்கு அத்தொல்லை ஒன்றுமில்லை. வெளியேற்றும் வேலையை நம்மவர் வீட்டிலேயே முடித்துக்கொண்டு, சுத்தமாய்ச் சலவை செய்த சட்டையோடு வந்து சேர்கின்றனர்.

செலவைக் காரணம் காட்டுபவரும் உண்டு. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. மாதத்திற்கு 26 நாள் வேலையென்று வைத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளிச் சொச்சம். பண்டிகை நாளில் தலை ஒன்றுக்கு அதற்கு மேலும் கேட்கும் கிளப்கள் உண்டு. தோட்டத்துக் குடும்பத்திற்கு இது விளையாட்டுச் செலவன்று, மறுக்கவில்லை. அப்படியாயின் ஆறு பேருக்குப் பதில் எழுவர் உண்ணக்கூடிய இடத்திற்குப் போகலாமே! வாழையிலைக் கடைகள் நாடு முழுவதும் இருக்கின்றன. அல்லது கோலாலம்பூரிலிருந்து வந்த மைத்துனிக்கு 'இவ்வருடம் இல்லை' என்று சொல்லலாமே. செலவு குறுகும்போதெல்லாம் முதலில் குறையும் தலை பாட்டியின் தலையாகவே இருப்பதெப்படி?

பிள்ளைகள் கூச்சப்படுவார்கள் என்பதே கடைசி வாதம். கூச்சப்படுவார்கள்தாம், சந்தேகமில்லை. அவர்களுக்கு ஆங்கிலப் பாடலும், முள்ளுக்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பதென்பதும் கற்றுக் கொடுத்திருக்கிறோம். தங்கள் பள்ளிச் சம்பளம் எந்த வாளியிலிருந்து வந்ததென்று யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. பாட்டி சோற்றைப் பிசையும் அந்த மேஜையில், பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கும் அந்த நிமிஷத்தில், தகப்பன் என்ன செய்கிறானென்று பிள்ளை பார்க்கும். அவன் தலைகுனிந்து கரண்டியைத் தேடினால் பிள்ளை ஒன்றைப் படித்துக்கொள்ளும். அவனும் கரண்டியை ஒதுக்கிவைத்துக் கையால் பிசைந்தால் வேறொன்றைப் படித்துக்கொள்ளும். பதினோரு வருடப் பள்ளிப் படிப்பு இவ்விரண்டில் எதையும் அழிக்காது.

வரும் தீபாவளிக்கும் அழைப்பு வரும். இடம் ஒதுக்கி வைக்கக் கிளப்பிலிருந்து டெலிபோனில் எத்தனை பேரென்று கேட்பார்கள். பாட்டியையும் சேர்த்து எண்ணிச் சொல்லுங்கள். அவரிடம் போகிற அன்றைக்குக் கேளாமல், ஒரு வாரம் முன்னதாகவே, "வருகிறீர்களா?" என்று கேளாமல், "எந்தச் சேலை உடுத்துகிறீர்கள், அம்மா?" என்று கேளுங்கள். அங்கே போனதும் அவர் உரத்த குரலில் கை கழுவும் இடம் எங்கேயென்று கேட்பார். எழுந்து, கையைப் பிடித்து, அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். வெற்றிலையை மட்டும் காருக்கு வந்தபின் போடச் சொல்லலாம். அந்த ஒன்றில் நாமும் கிளப்பின் கட்சியே.